கோழிக்கூண்டை இறுக்கி மூடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஐப்பசி பிறந்தாலே வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் கோழிக்கூண்டுகளை நாலு புறமும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கோழி குளிரில் விறைத்துவிடும் என்று பயம். சென்னைக் குளிரை வளர்ந்த கோழியின் இறகே தாங்கிவிடும். கோழியால் தாங்க முடியாதது ஈரத் தரையும் அடைபட்ட காற்றும்தான். நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பி, வெளியேற வழியில்லாமல் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்குகிறது. அதன்பின் சளி பிடிக்கும், மற்ற நோய்களும் சுலபமாகத் தொற்றும். காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் இரவு முழுக்க அவை அந்தக் காற்றில்தான் கிடந்திருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழையின் சாரல் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும்தான் அடிக்கும். அந்த இரண்டு பக்கத்தைப் பலகையோ தகரமோ வைத்து அடையுங்கள். அங்கேயும் கூரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட வேண்டும். தெற்கும் மேற்கும் வலையோடு திறந்தே இருக்கட்டும். கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டினால் அந்தப் பக்கம் நனையாது. கோடையில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் தெற்குப் பக்கமாக உள்ளே வரும். கூண்டின் அடித்தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவென்றால் 3 அடி.

பகலில் வெளியே மேயும் பத்துக் கோழிகள் இரவு அடைய 5 அடிக்கு 3 அடி போதும். உட்கார 2 அங்குல அகலக் கட்டை இரண்டு, முனை மழுக்கியதாக. வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷாக (பற்றவைத்த கம்பிவலை) இருக்கட்டும். மெல்லிய கோழிவலையைப் பெருச்சாளி ஒரே இரவில் கடித்துவிடும். உப்புக்காற்றில் முதலில் இற்றுப்போவது வலையைப் பிணைத்த கட்டுக்கம்பிதான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பாருங்கள்.

தரையில் 3 அங்குலம் உமி. தினமும் கிளறி, நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடுங்கள். ஈரம் அதிகமானால் 15 சதுர அடிக்கு 150 கிராம் நீர்த்த சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிடலாம். நீர்க்காத சுண்ணாம்பு கூடாது, கோழியின் காலை வேகவைத்துவிடும்.

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புப் போட்ட கருவாட்டையும் அது ஊறிய தண்ணீரையும் கோழிக்கு வைக்காதீர்கள். உப்பு மிஞ்சினால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், நீராய்க் கழியும், தள்ளாடி விழும். கிளிஞ்சலை உடைத்துத் தனித் தட்டில் வையுங்கள். முட்டை ஓடு கெட்டிப்படும்.

இத்தனையும் செய்தாலும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் எனும் கோழிக்கழிச்சல் நோய்) வந்தால் தெருவே காலியாகும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், இறக்கைத் தொங்கல் என்று கண்டபின் மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடியும். எட்டாவது வாரம் ஆர்2பி என்ற தடுப்பு மருந்து, இறக்கைத் தோலுக்கடியில் ஊசியாக. சிக்கல் இதுதான்: குப்பி பெரும்பாலும் நூறு டோஸுக்குக் குறையாமல் வருகிறது, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் தனியாகப் போய் என்ன செய்வார்? தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு நாள் பேசி வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் குப்பியை வாங்கிவந்து, விடியற்காலையில் எல்லாக் கோழிக்கும் போட்டுவிடலாம். சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடக்கூடாது.

செத்த கோழியைப் பக்கிங்காம் கால்வாயிலும் குப்பைத்தொட்டியிலும் வீசுவது நோயை அடுத்த தெருவுக்கு அனுப்பும் வேலை. மண் இருக்கும் இடத்தில் 3 அடி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதை வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் வார்டுவாரியாக நடத்த வேண்டும். கோழி மேயப் போகுமுன் காலை ஆறு மணிக்கு ஊசி போட ஆள் வர வேண்டும். தேதியை ஒரு வாரம் முன்னதாக ரேஷன் கடை வாசலில் ஒட்டினாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுக்கோழி வளர்ப்போர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.