கெட்ட நீர் இல்லைங்க அது

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் கால் வீக்கம் பத்தி நீங்க போட்ட குறிப்புல ரத்தக்குழாய் மட்டும்தான் இருந்துச்சு, நிணநீர்க் குழாய் பத்தி ஒரு வரிகூட இல்ல. குடியாத்தத்துல எங்க பெரியம்மா நாள் முழுக்க முறத்த மடியில வச்சு பீடி சுத்துறவங்க, ஒரு கால் மட்டும் வீங்கி பல வருஷமாச்சு, தெருவுல எல்லாரும் கெட்ட நீர் எறங்கிடுச்சுன்னே சொல்லிட்டிருந்தாங்க. ரத்தத்துலேர்ந்து கசியுற நீர்தாங்க அது, தினமும் ரெண்டு மூணு லிட்டராவது இந்த மெல்லிசு நிணநீர்க் குழாய்ங்க வாரிட்டுப் போயி கழுத்துக்கிட்ட ரத்தத்துல திரும்ப சேர்க்குது, இதுக்கு இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது, குழாய் தானா சுருங்கணும், நாம நடக்குறப்ப சதை அமுக்கணும், உள்ள சின்னச்சின்ன வால்வு இருக்கறதால கீழ திரும்பாது. கொசு கடிச்சு வர்ற யானைக்கால் புழு குடியிருக்கறதும் இதுக்குள்ளதான், அதால வால்வு கெட்டா நீர் தேங்கி கால் வீங்கிடும். பெரியம்மா இப்ப தினம் ராத்திரி காலை சோப்பு போட்டு கழுவி, விரலிடுக்குல பழைய வேட்டித் துணியால ஈரம் ஒத்தி எடுக்குறாங்க. காய்ச்சல் அடிக்கடி வர்றது கொறஞ்சிருக்கு, வீக்கம் என்னமோ அப்படியேதான். இத ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க சார், யானைக்கால் சோதனைக்கு ராத்திரி ரத்தம் எடுக்க வர்றவங்கள கதவ சாத்தி அனுப்புறவங்களும் படிக்கட்டும், புழுக்குஞ்சு ராத்திரிலதான் ரத்தத்துல சுத்தும்.

ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்