கம்யூனிட்டி காலேஜ்னு சொல்லும்போது ஏன் குரலைத் தாழ்த்துறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த காலேஜ் அட்மிஷன் கட்டுரைய முழுசா படிச்சேன். எஸ்ஸே எப்படி எழுதணும், எந்த யுனிவர்சிட்டிக்கு எவ்ளோ செலவாகும்னு நல்ல விவரமா போட்டிருந்தாங்க, ஆனா ரெண்டு வருஷப் படிப்பு தர்ற அரசு காலேஜான கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சிட்டு யூசிக்கு, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, டிரான்ஸ்ஃபர் ஆகுற வழியப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு, அதுவும் எங்கயுமே இடம் கிடைக்காட்டி இதையும் யோசிக்கலாம்ங்கிற தொனியில. கலிஃபோர்னியாவுல இருக்குற தமிழ்க் குடும்பங்கள் படிக்கிற பேப்பர் இது, நம்ம ஆளுங்க மனசுல ஏற்கனவே இருக்குற தயக்கத்த அந்த ஒரு வரி இன்னும் கெட்டிப்படுத்திடும்னு பட்டுது, அதான் எழுதுறேன்.

எனக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. பத்தாவது பதினொண்ணாவது படிக்கிற பசங்கள லீவுல டி ஆன்சா, ஓலோனி மாதிரி கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பி கால்குலஸ், எகனாமிக்ஸ், ஜாவான்னு கிளாஸ் எடுக்க வைக்கிறோம், டிரான்ஸ்கிரிப்ட்ல காலேஜ் கிளாஸ் இருந்தா யூசி மதிக்கும்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம், டூயல் என்ரோல்மென்ட்னு பெருமையா பேசுறோம். அதே பிள்ளை பன்னெண்டாவது முடிச்சிட்டு அதே காலேஜுக்கு, அதே டீச்சர்கிட்ட படிக்கப் போனா மட்டும் "ஐயோ பாவம், எதுவும் கிடைக்கலையா"ன்னு கேக்குறோம். என் பொண்ணு சேர்ந்த வருஷம் கோயில்ல, பொங்கல் விழாவுல, யாரோட வீட்டு கொலுவுலன்னு போற இடமெல்லாம் இதே கேள்விதான். அவளுக்கு ரெண்டு யூசில இடம் கிடைச்சிருந்துச்சு, அவ விரும்பின மேஜர்ல, அதாவது முதன்மைப் பாடத்துல இல்ல, அதனால யோசிச்சுதான் இந்த வழிக்குப் போனா. அத ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைமை ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு வரக்கூடாது.

இந்த மாநிலத்துல இது பின்வாசல் கிடையாது. 1960ல கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டாங்க, அப்ப யூசி தலைவரா இருந்த கிளார்க் கெர் அதுல முக்கியமானவர். ஹைஸ்கூல் முடிக்கிறவங்கள்ல மேல இருக்குற எட்டுல ஒரு பங்குக்கு யூசி, மேல இருக்குற மூணுல ஒரு பங்குக்கு கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி, கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும், அங்க நல்லா படிச்சு வர்றவங்களுக்கு மூணாவது வருஷத்துல யூசியிலயும் ஸ்டேட்லயும் இடம் இருக்கணும்னு அப்பவே திட்டம் பண்ணியாச்சு. அந்த டிரான்ஸ்ஃபர் இடங்கள் இன்னைக்கும் தனியா இருக்கு, ரெண்டு ஃப்ரெஷ்மேனுக்கு, அதாவது நேரா முதல் வருஷத்துல சேர்றவங்களுக்கு, ஒரு டிரான்ஸ்ஃபர்ங்கிறது யூசி தனக்குத்தானே வச்சிருக்குற கணக்கு, டிரான்ஸ்ஃபர்ல எடுக்குறவங்கள்ல பத்துல ஒம்போது பேருக்கு மேல கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பசங்கதான். லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற யூசி கேம்பஸான யூசிஎல்ஏ எடுத்துக்கோங்க, ஃப்ரெஷ்மேனா அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்கு ஒம்போது பேர் அளவுலதான் எடுக்குறாங்க, டிரான்ஸ்ஃபர்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர எடுக்குறாங்க. யூசி பெர்க்லியிலயும் டிரான்ஸ்ஃபர் ரேட் அந்த மாதிரிதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி மேஜருக்கு இது ரொம்பவே குறைஞ்சிடும், அதையும் சொல்லிடணும், ஏன்னா நம்ம வீட்டுப் பசங்க பாதிப் பேர் அதுக்குத்தான் போறாங்க.

பணத்தப் பத்தி வெக்கப்படாம பேசணும். கலிஃபோர்னியா ரெசிடென்ட்டுக்கு கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு செமஸ்டர் யூனிட் (பாடத்த அளக்குற கணக்கு) 46 டாலர், டிரான்ஸ்ஃபருக்கு 60 யூனிட் வேணும், பெருக்கிப் பாருங்க, ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து 2,760 டாலர். முதல் தடவையா ஃபுல் டைம் படிக்கிற பசங்களுக்கு இந்த ரெண்டு வருஷத்துக் கட்டணத்தையும் நிறைய காலேஜ் தள்ளுபடி பண்ணிடுது. யூசில டியூஷன் மட்டுமே வருஷத்துக்கு 15 ஆயிரம் டாலர் பக்கம், டார்ம், சாப்பாடெல்லாம் சேர்த்தா 40 ஆயிரத்தத் தாண்டிடும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்குக் கூட இது சின்ன விஷயமில்ல, ஒருத்தர் சம்பளத்துல ஓடுற வீடு, லே ஆஃப் ஆன வீடு, ஊர்ல அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புற வீடெல்லாம் நம்மகிட்ட நிறைய இருக்கு, வெளிய யாரும் சொல்றதில்ல அவ்வளவுதான். நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு பயந்துக்கிட்டு அந்த ரெண்டு வருஷத்துக்குக் கடன் வாங்குற குடும்பங்கள நான் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கு. கடைசியில கைக்கு வர்றது அதே யூசி டிகிரிதான், அதுல டிரான்ஸ்ஃபர்னு எங்கயும் எழுதியிருக்காது.

படிப்போட தரம் பத்தியும் தப்பான எண்ணம் இருக்கு. பெரிய யுனிவர்சிட்டில முதல் வருஷ கெமிஸ்ட்ரின்னா முந்நூறு நானூறு பேர் ஹால்ல இருப்பாங்க, சந்தேகம் கேக்கணும்னா டீச்சிங் அசிஸ்டென்ட்தான். கம்யூனிட்டி காலேஜ்ல முப்பது நாப்பது பேர், பாடம் எடுக்குறவரே பேப்பரத் திருத்துறாரு, அவருக்கு ஆராய்ச்சி வேலை இல்ல, பாடம் நடத்துறதுதான் வேலை. ஆப்பிள் ஆரம்பிச்ச ஸ்டீவ் வாஸ்னியாக் டி ஆன்சாவுல படிச்சிட்டுத்தான் பெர்க்லி போனாரு, நடிகர் டாம் ஹேங்க்ஸ் ஹேவர்டுல இருக்குற ஷாபோ காலேஜ்ல படிச்சவரு, ஸ்பேஸ் ஷட்டில்ல முதல் பெண் கமாண்டரா போன ஐலீன் காலின்ஸ் நியூயார்க் மாநிலத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து சைரக்யூஸ் யுனிவர்சிட்டி போனவங்க.

இவ்வளவு சொல்லிட்டு அடுத்தத சொல்லாம விட்டா நியாயமில்ல. அமெரிக்கா முழுக்க கணக்கெடுத்தா கம்யூனிட்டி காலேஜ்ல சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க டிகிரி வரைக்கும் போகணும்னுதான் சேர்றாங்க, ஆனா மூணுல ஒருத்தர் அளவுலதான் நாலு வருஷ காலேஜுக்கு மாறுறாங்க, ஆறு வருஷத்துல டிகிரி வாங்குறவங்க அதுலயும் பாதிதான். காரணம் அறிவு இல்லாம போறது கிடையாது. வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறாங்க, கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கா ஆகுது, எந்தக் கிளாஸ் எங்க செல்லும்னு தெரியாம யூனிட்ட சேர்த்துக்கிட்டே போறாங்க, மூணாவது வருஷம்தான் தெரியுது ஒரு முக்கியமான கிளாஸ் எடுக்கலன்னு. எங்க வீட்டுலயே ஒரு கவுன்சிலர் சொன்ன கிளாஸ் மேஜருக்கு ஆகாததுன்னு கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுது, எந்தக் கிளாஸ் எங்க செல்லும்னு காட்டுற அசிஸ்ட் வெப்சைட்ல பொண்ணே பார்த்துக் கண்டுபிடிச்சா.

அந்த அசிஸ்ட் வெப்சைட்ட ஒவ்வொரு அப்பா அம்மாவும் ஒரு தடவை பிள்ளையோட உக்காந்து பாக்கணும். நம்ம காலேஜ், போக வேண்டிய யூசி அல்லது ஸ்டேட், மேஜர், இந்த மூணையும் போட்டா எந்தக் கிளாஸுக்கு எது சமம்னு லிஸ்ட் வரும். இத முதல் குவார்ட்டர், அதாவது முதல் பருவம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாக்கணும், ஏன்னா இன்ஜினியரிங்னா கால்குலஸ் நாலு கிளாஸ், பிசிக்ஸ் மூணு நாலு கிளாஸ்னு வரிசையா போகும், முந்தினது முடிச்சாத்தான் அடுத்தது, நடுவுல ஒண்ணு தவறினா பெர்க்லி, யூசிஎல்ஏ மாதிரி இடங்கள்ல டிரான்ஸ்ஃபர் ஃபால் (இலையுதிர் கால) பருவத்துல மட்டும்தான், ஒரு வருஷமே போயிடும். இன்னொண்ணு, டி ஆன்சா, ஃபுட்ஹில் ரெண்டும் குவார்ட்டர் சிஸ்டம், ஓலோனி, மிஷன் எல்லாம் செமஸ்டர், கால்குலஸ் பாதி இங்க பாதி அங்கன்னு எடுத்தா பாடம் ஒட்டாது, ஒரு வரிசைய ஒரே காலேஜ்ல முடிக்கிறது நல்லது. இன்ஜினியரிங் பசங்க எல்லா மேஜருக்கும் பொதுவான ஜெனரல் எஜுகேஷன் கிளாஸையே முடிச்சுக்கிட்டு மேஜர் கிளாஸ தள்ளிப் போடுறதையும் பாக்குறேன், யூசில முதல்ல பாக்குறது மேஜர் கிளாஸத்தான்.

டேக்னு ஒண்ணு இருக்கு, டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்ட்டி. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்ட்டா பார்பரா, சான்ட்டா குரூஸ், இந்த ஆறு யூசில ஒண்ணத் தேர்ந்தெடுத்து செப்டம்பர் மாசம் அப்ளை பண்ணி, அவங்க கேக்குற கிளாஸும் ஜிபிஏவும் (சராசரி மதிப்பெண்) இருந்தா இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோவுல இது இல்ல, இருக்குற இடங்கள்லயும் சில மேஜர விட்டுட்டாங்க, அதனால வருஷா வருஷம் விதிமுறைய படிக்கணும். செப்டம்பர் 30 தாண்டினா அந்த வருஷத்துக்கு டேக் முடிஞ்சுது, அப்புறமும் நவம்பர் கடைசிக்குள்ள வழக்கமான அப்ளிகேஷன் தனியா போடணும், டேக் போட்டாச்சேன்னு அத விட்டுடக் கூடாது. ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபருக்குன்னே ஒரு அசோசியேட் டிகிரி இருக்கு, 2010ல சட்டமா வந்துச்சு, அத முடிச்சா ஸ்டேட் சிஸ்டத்துல ஏதோ ஒரு கேம்பஸ்ல இடம் உண்டு, கேட்ட கேம்பஸேன்னு சொல்ல முடியாது.

எச்-4ல, அதாவது எச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கான விசாவுல இருக்குற பசங்களப் பத்தி தனியாவே எழுதலாம். ஃபெடரல் உதவித்தொகை அவங்களுக்குக் கிடையாது, ஆனா மாநிலத்துல இருந்த காலத்த நிரூபிச்சா ரெசிடென்ட் கட்டணம் கிடைக்க வழி இருக்கு, 21 வயசுல விசா மாறும்போது கட்டணக் கணக்கும் மாறலாம், டிரான்ஸ்ஃபர் நடுவுல இது வந்து நிக்காம முன்னாடியே அட்மிஷன்ஸ் ஆஃபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கணும்.

இழப்பே இல்லன்னு சொல்லல. டார்ம் வாழ்க்கை ரெண்டு வருஷம் கிடையாது, மூணாவது வருஷம் போகும்போது அங்க எல்லாரும் ஏற்கனவே குரூப் குரூப்பா இருப்பாங்க, முதல் குவார்ட்டர் என் பொண்ணு தனியாத்தான் சாப்பிட்டா, வந்த உடனே இன்டர்ன்ஷிப் தேட வேண்டியிருந்துச்சு. வீட்டுலயே இருந்தா படிக்க மாட்டான்னு தெரிஞ்ச பிள்ளைக்கு இது சரியா வராமலும் போகலாம், அந்தந்த வீட்டுக்குத்தான் அது தெரியும்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டு விஷயம். ஆகஸ்ட் இதழ்ல டேக் தேதிகளையும் அசிஸ்ட் பாக்குற விதத்தையும் ஒரு பக்கம் போடுங்க, செப்டம்பர் இதழ்ல வந்தா பல பேருக்கு லேட். அப்புறம் ஜூன்ல பட்டம் வாங்கின பசங்க படம் போடுறீங்கல்ல, அதுல டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தவங்களுக்கு யூசி பேரோட அவங்க கம்யூனிட்டி காலேஜ் பேரையும் சேர்த்துப் போடுங்க, என் பொண்ணு படத்துல அப்படித்தான் வரணும்னு அவளே சொல்லியிருக்கா, எங்களுக்குத் தெரிஞ்ச இன்னும் சில குடும்பங்களும் சரின்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா