பரிமளாவுக்கு: உன் டிரேக் தோற்றுவிட்டார்

அன்புள்ள பரிமளா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் ஜெயந்தி இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பாள். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் கைவசம் இல்லை. திட்டிவிட்டு மேலே படி.

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லாமர் பாடிய 'நாட் லைக் அஸ்' என்ற வசைப்பாட்டு தன் பெயரைக் கெடுத்தது என்று உன் கனடா ராப் பாடகர் டிரேக் தொடுத்த அவதூறு வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. 2025 அக்டோபர் 9 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் மூச்சுக் காட்டாமல் இருக்கிறாய் பார், அதனால்தான் நானே எழுதுகிறேன். 2015-ல் மீக் மில் என்ற ராப் பாடகர், 'இவருக்கு வேறு ஆள் வரி எழுதித் தருகிறார்' என்று சொன்னபோது நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஏதோ நான் சொன்னதுபோல. 2018-ல் இன்னொரு ராப் பாடகர் புஷா டி, உன் ஆள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த மகனைப் பற்றிப் பாட்டிலேயே போட்டு உடைத்தார். அப்போதும் 'அது அவர் சொந்த விஷயம்' என்று வக்காலத்து வாங்கினாய். இந்த முறை வழக்கறிஞர்களே தோற்றுவிட்டார்கள், நீ என்ன செய்வாய்?

ஐயாவின் தனிப்பாடல் வகுப்பு நினைவிருக்கிறதா? (உனக்கு எப்படி இருக்கும், நீ கடைசி வரிசையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள்.) வாதில் தோற்ற புலவரின் காதை அறுப்பாராம் வில்லிபுத்தூரார். ஒட்டக்கூத்தர் தலையையே கேட்பாராம். காளமேகம் கோபித்துக்கொண்டால் திருமலைராயன் ஊர்மேல் மண்மாரி பொழியும். இந்தக் கதைகளில் எந்தப் புலவராவது, 'என்னை வசை பாடிவிட்டான், நஷ்ட ஈடு வாங்கித் தாருங்கள்' என்று மன்னனிடம் போய் நின்றாரா? காதைக் கொடுத்தார்கள், கௌரவத்தைக் கொடுக்கவில்லை. அதிலும் உன் ஆள், பாடிய கென்ட்ரிக் லாமர் மேல் வழக்குப் போடவில்லை. அந்தப் பாட்டை வெளியிட்ட யுனிவர்சல் மியூசிக் மேல் 2025 ஜனவரியில் போட்டார். டிரேக்கின் பாட்டுகளையும் வெளியிடுவது அதே நிறுவனம்தான்!

சண்டை தொடங்கிய விதமே சிரிப்புதான். 2023-ல் டிரேக்கின் பாட்டு ஒன்றில் ஜே. கோல் என்ற ராப் பாடகர் தன்னையும் டிரேக்கையும் கென்ட்ரிக்கையும் சேர்த்து மூன்று பேரை முதல் வரிசையில் உட்கார வைத்தார். 2024 மார்ச்சில் கென்ட்ரிக், 'மூன்றாவது ஒன்றாவது, நான் ஒருவன்தான்' என்று இலையைத் தூக்கி எறிந்தார். கோல் ஒரு பதில் பாடினார். சில நாளில் மேடையேறி, அப்படிப் பாடியதே தப்பு என்று சொல்லிப் பாட்டையும் நீக்கிவிட்டார். அன்றைக்கு உலகமே அவரைக் கோழை என்றது. மூன்று பேரில் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறவர் அவர்தான் என்று நினைக்கிறேன். உன் ஆளோ, இறந்துபோன ராப் பாடகர் டூபாக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் செய்து தன் பாட்டில் பாடவைத்தார். டூபாக்கின் சொத்துகளைப் பார்த்துக்கொள்பவர்கள் நோட்டீஸ் அனுப்பியதும் கமுக்கமாக அதை எடுத்துவிட்டார். செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவருக்கு எதிரி வேறு வேண்டுமா?

தீர்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'நாட் லைக் அஸ்' பாட்டு டிரேக் மேல் சொல்லும் பழி, சிறுமிகளிடம் தவறாக நடப்பவர் என்பது. அவர் அதை மறுத்தார். நீதிபதி ஜெனட் வார்கஸ் அந்தப் பழி உண்மையா என்று தீர்மானிக்கவில்லை. இருவரும் மாறி மாறித் திட்டிக்கொள்ளும் சண்டையில் வந்த வசையை விவரமறிந்த எவரும் சரிபார்த்த செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார், அது கருத்துதான் என்றார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. 2022-ல் ராப் வரிகளைக் குற்றவழக்குகளில் சாட்சியமாக்கக் கூடாது என்று கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை விட்டார்களே, அதில் டிரேக் கையெழுத்தும் இருந்தது. யுனிவர்சல் தரப்பு அதைத்தான் எடுத்து அவர்முன் நீட்டியது. அட்லாண்டாவில் ராப் பாடகர் யங் தக் மேல் நடந்த வழக்கில் அவருடைய வரிகளையே அவருக்கு எதிராகக் கொண்டுவந்து வைத்தபோது நீயும் நானும் கொதித்தோமே. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

ஆனால் பரிமளா, இதுவரை எழுதியதெல்லாம் உன்னைச் சீண்டுவதற்கு. எனக்கு உள்ளே அரிப்பது வேறு.

2024 மே 3 இரவு நினைவிருக்கிறதா? கென்ட்ரிக் தன் துணைவியை அடிக்கிறார் என்று டிரேக் பாடினார். ஒரு மணி நேரத்துக்குள் கென்ட்ரிக்கின் பதில் வந்தது. டிரேக்கின் மகனுக்கும், தாய்க்கும், தந்தைக்கும், அவருக்கு இருப்பதாகச் சொன்ன ஒரு மகளுக்கும் கடிதம் எழுதுவதுபோல. மகளே கிடையாது என்றார் டிரேக். மகனுக்கு அப்போது ஆறு வயது. நாம் இருவரும் அன்றைக்கு விடியும்வரை 'அடுத்தது வந்துவிட்டது, வந்துவிட்டது' என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தோம். அடிபட்டதாகச் சொல்லப்பட்ட பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் ஒரு வரிக்குள் வந்தாள், எதிராளியைக் குத்தினாள், போய்விட்டாள். சிறுமிகள் விஷயமும் அப்படியே. அது உண்மையென்றால் ஆடிப்பாடுகிற விஷயமா? பொய்யென்றால் ஒரு மனிதனைச் சாகும்வரை துரத்தாதா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒருவருக்கும் இல்லை. தாளம் அவ்வளவு நன்றாக இருந்தது. உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

'நாட் லைக் அஸ்' பாட்டின் அட்டைப்படம் டொரன்டோவில் டிரேக்கின் வீட்டை வானிலிருந்து எடுத்தது. பாட்டு வந்தது மே 4. மே 7 அன்று அந்த வீட்டு வாசலில் காவலாளி ஒருவரைச் சுட்டார்கள். பிழைத்துக்கொண்டார். பாட்டுக்கும் துப்பாக்கிக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் ஜெயித்தார் என்று எழுதுகிறவர்கள் யாரும் அந்தக் காவலாளியைக் கணக்கில் எழுதுவதில்லை.

பிறகு விருதுகள். 2025 பிப்ரவரியில் அந்த ஒரே பாட்டுக்கு ஐந்து கிராமி. அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி. கென்ட்ரிக் அந்தப் பழியைச் சொல்லும் கொடிய சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் பாடினார், பழியின் இன்னொரு வரியை மைதானமே சேர்ந்து கத்தியது. 2018-ல் புலிட்சர் விருது வாங்கிய முதல் ராப் கலைஞர் இவர் என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள். எனக்கே அன்றைக்கு அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இதை நீ ஜெயந்தியிடம் சொல்லக்கூடாது, அவள் ஒரு வருடம் ஓட்டுவாள்.

யார் காது அறுந்தாலும் கல்லா யுனிவர்சலுடையது. அந்த ஒன்றில் மட்டும் உன் ஆள் சரியான இடத்தைக் குறி பார்த்தார் என்று ஒப்புக்கொள்கிறேன். பிடித்த ஆயுதம்தான் தப்பு.

மேல்முறையீடு செய்திருக்கிறார், தெரியுமல்லவா? ஜெயித்தால் உன் கடிதத்துக்காகக் காத்திருப்பேன். தோற்றால் நானே எழுதுவேன், இதைவிட நீளமாக. ஐயாவின் மகள் உன் முகவரி கேட்டாள், கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
கலா