மெட்ரிக் தேர்வுக்கு முந்தின நாள் உதவிய அக்காவுக்கு

மார்ச் வெயில், மறுநாள் மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வு, பையனுக்கோ விடாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மேலே என்ன படிக்கலாம் என்பதையே அந்த மார்க்தான் முடிவு செய்கிறது என்று இந்த மியான்மர் நாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யாங்கோன் அனவ்ரதா சாலையில், காளி கோயில் பக்கத்து கிளினிக்கில் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றபோது, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மிய அக்கா எழுந்து வந்து தன் முறையை எங்களுக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. கொதித்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், மடமடவென்று குடிக்க விடாதீர்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். டாக்டரும் அதையேதான் சொன்னார். அப்புறம் பையன் கையைப் பிடித்து, புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கு தம்பி, படித்தது எங்கேயும் போகாது என்றார், நாங்கள் சொல்லிக் கேட்காதவன் அவர் சொன்னதும் தலையாட்டினான்.

பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சொல்லுங்கள்: பையன் எல்லாப் பரீட்சையும் எழுதிவிட்டான் அக்கா, ரொம்ப நன்றி, நீங்கள் நல்லா இருக்கணும்.