பாப்பாவின் எலும்பு நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்க உதவிய எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு எலும்பில் என்ன கோளாறு என்றே பிடிபடவில்லை, விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்டிருந்தேன். இப்போது நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. எக்ஸ் குரோமோசோம் சார்ந்த ஹைப்போபாஸ்பட்டீமியா, சுருக்கமாக எக்ஸ்எல்எச், அதாவது ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்துபோகும் ஒரு மரபணு நோய். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே மூன்றும் அதைத்தான் காட்டுகின்றன என்று மருத்துவர் சொல்லி மருந்தும் ஆரம்பித்தாயிற்று, மரபணுப் பரிசோதனை முடிவு மட்டும் பாக்கி. தனித்தனியாகப் பதில் எழுதி முடியாது போலிருந்ததால் மொத்தமாக இந்த மடல்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நடக்க ஆரம்பித்த பிறகுதான் பாப்பாவின் கால்கள் வளையத் தொடங்கின, அப்புறம் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாள், வயதுக்கேற்ற உயரமும் இல்லை. எக்ஸ்ரே பார்த்து ரிக்கெட்ஸ் (வளரும் எலும்பு சரியாகக் கெட்டிப்படாத நோய்) என்றார்கள். வைட்டமின் டி கொடுத்தோம், அளவைக் கூட்டியும் கொடுத்தோம், வெயிலில் நிறுத்தினோம், ஒன்றும் அசையவில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி நன்றாக ஏறியிருந்தது, கால்சியமும் சரி, ஆனால் எலும்பு மட்டும் அப்படியே. இதற்கிடையில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வி, பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கிறாயா என்பதுதான்.

முதல் நன்றி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அக்காவுக்கு. மற்றவர்கள் (நான் உட்பட) 'நார்மல்' என்று அச்சடித்திருந்ததைப் படித்தோம், அவர்தான் எல்லா ரிப்போர்ட்டையும் முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பாஸ்பரஸ் 2.8, பக்கத்தில் 2.5 முதல் 4.5 வரை நார்மல் என்று போட்டிருந்தது. "தம்பி, அது பெரியவங்களுக்கு உள்ள அளவு, நாலு வயசுப் பிள்ளைக்கு 4-க்குக் கீழ போனாலே யோசிக்கணும்" என்றார். சின்னக் குழந்தைகளுக்கு எலும்பு வளர வேண்டியிருப்பதால் பாஸ்பரஸ் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருக்குமாம். அப்படிப் பார்த்தால் பாப்பாவின் எண் நன்றாகவே குறைவு. இதைச் சொல்லிவிட்டு, "நான் டாக்டர் இல்லை, இதை எடுத்துக்கிட்டு எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவர்கிட்ட போங்க, ரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்துல எடுக்கச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எனக்குக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் நிறுத்தத் தெரியாதவர்களும் நிறையப் பேர் எழுதினார்கள், அவர்களுக்கும் கோபமில்லாமல் ஒரு கும்பிடு.

ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருக்கும்போது சிறுநீரகம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவின் சிறுநீரகம் பிடித்துவைக்காமல் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. எலும்பு செல்களே சுரக்கும் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிப் போவதால் இப்படி ஆகிறது, அதே ஹார்மோன் வைட்டமின் டி உடம்பில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. அதனால்தான் எவ்வளவு வைட்டமின் டி ஊற்றினாலும் பலனில்லை. காரணமான மரபணு பிஹெச்இஎக்ஸ், 1995-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சுமார் 20,000 பிறப்பில் ஒன்று என்கிற அளவுக்கு அரிது, ஆக முதலில் பார்த்தவர்களுக்கு இது தோன்றாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

மருத்துவர் இதை விளக்கியபோது அக்கா இடையில் கேட்டது ஒன்றுதான், நான் சரியாகச் சாப்பாடு கொடுக்காததால் வந்ததா என்று. இல்லவே இல்லை, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நீங்கள் எல்லாரும் செய்த உதவியில் எனக்கு இதுதான் பெரிது, பெயர் கிடைத்ததைவிட.

பல் மருத்துவர் ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். பாப்பாவுக்குச் சொத்தையே இல்லாத பல்லின் அடியில் சீழ் கட்டியதை நான் போகிற போக்கில்தான் எழுதியிருந்தேன். அதையும் கால் வளைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி இரவோடு இரவாகப் பதில் போட்டவர் அவர். இந்த நோயில் பல்லின் உள்பகுதியும் சரியாகக் கெட்டிப்படாது, அதனால் வெளியே நன்றாகத் தெரியும் பல்லுக்குள்ளும் கிருமி போய்விடும் என்று விளக்கினார்.

அப்புறம், இதே நோயோடு வளர்ந்து இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்த அம்மா. அக்காவோடு போனில் பேசினார், என்னிடம் இல்லை, அதனால் என்ன பேசினார்கள் என்பது முழுதாகத் தெரியாது. ஆனால் பாஸ்பேட் மருந்தைப் பாலோடு கொடுக்கக் கூடாது (கால்சியம் சேர்ந்தால் உடம்பில் ஏறாது), ஒரே வேளையாக ஊற்றினால் வயிற்றைக் கலக்கும், அதனால் நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மருத்துவர் சொன்னபோது அக்காவுக்கு ஏற்கெனவே மனப்பாடம். ரத்தத்தில் பாஸ்பரஸ் எண் நார்மலுக்கு வரவில்லையே என்று பதறக் கூடாது, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு நோயில் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) இறங்குகிறதா, கால் நிமிர்கிறதா, உயரம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அந்த அம்மா சொல்லிக் கொடுத்ததுதான்.

பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு வேண்டாம், பாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் (உடம்பில் செயல்படும் வடிவத்திலேயே உள்ள வைட்டமின் டி) எங்களால் சமாளிக்க முடிகிற செலவுதான். 2018-ல் அனுமதி பெற்ற புரோசுமாப் என்ற ஊசி அந்த ஹார்மோனையே தடுக்கும் என்கிறார்கள், அது விலை அதிகம். தேவை என்று மருத்துவர் சொன்னால் வெட்கப்படாமல் உங்களிடம் வந்து நிற்பேன். காலை உடனே அறுவை செய்து நிமிர்த்திவிடலாம் என்று சொன்னவர்களுக்கு: முதலில் மருந்து, வளர வளர அதுவே ஓரளவு நிமிரும், மிச்சமிருப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று எலும்பு மருத்துவரும் சொல்லிவிட்டார். மருந்தால் சிறுநீரகத்தில் கால்சியம் படியலாம் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் உண்டு, முதல் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது.

அக்காவுக்கும் மாமாவுக்கும் பாஸ்பரஸ் பார்த்ததில் இருவருக்கும் சரியாகவே இருக்கிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் கால் வளைவும் இல்லை, பாப்பாவிடமே புதிதாக வந்த மாற்றமாக இருக்கலாம் என்கிறார் மரபணு ஆலோசகர். முடிவு வந்ததும் எழுதுகிறேன். அதுவரை, குழந்தையின் கால் வளைகிறது, வைட்டமின் டி கேட்கவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், பாஸ்பரஸ் பார்த்தாயிற்றா, எந்த வயது அளவோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பாப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள் வேண்டுமென்றால் பெயரை மறைத்து அனுப்பித் தருகிறேன்.