அரவேனுவுக்குக் கீழே 17 நிமிடம்

அன்புள்ள மாப்ளே,

ஆடி மாதம் நீ இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாய். நான் எடுக்கவில்லை, திரும்பவும் கூப்பிடவில்லை. உன் கோபம் ஊட்டி வெயில் மாதிரி, வந்த வேகத்தில் போய்விடும் என்று என் தங்கை சொல்கிறாள். அவள் சொன்னது சரிதானா என்று உன் பதிலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். எப்படியானாலும் தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டியதே போனைப் பற்றித்தான், அது பேச்சில் ஒழுங்காக வராது, எழுதினால்தான் வரும்.

முதலில் அம்மா. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்றுகூட வர்க்கியை டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, 'உன் கூட்டாளி எங்கடா, கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு அப்புறம் மறுபடியும் சாம்பார் கேட்டவன்' என்று உன்னை விசாரித்தார். சிலோன் தாத்தாவும் அப்படியே இருக்கிறார். கேரட் சாமியார் வீடு விற்றாகிவிட்டது. பச்சை ஸ்வெட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன்.

ஆடி இரண்டாவது வாரம், வழக்கம்போல ராத்திரி ஒரு மணிக்கு கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியிருந்தேன். மூட்டை இறக்கி முடித்த நேரம், மூன்றே முக்காலுக்குத் தங்கை கூப்பிட்டாள். அம்மாவுக்கு இளைப்பு கூடிவிட்டது, கோத்தகிரியில் காட்டியதற்குக் கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், 108-ல் ஏற்றியாயிற்று என்றாள். போனை வைக்காதே, பேசிக்கொண்டே வா என்றேன். மண்டி வாசலில் நின்றபடி ஆக்சிஜன் சத்தம், சைரன், டிரைவர் கியர் மாற்றுவது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். டானிங்டன் தாண்டியாச்சு என்றாள். அரவேனு வந்தாச்சு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அண்ணா, அம்மா கண்ணை' என்று ஆரம்பித்தாள். அதோடு கட் ஆகிவிட்டது.

கண்ணை? மூடிவிட்டாரா, திறந்தாரா? 17 நிமிடம், மாப்ளே. நான் அவளுக்கு அடிக்கிறேன், அவள் எனக்கு அடிக்கிறாள், இரண்டு பேருக்கும் பிஸி டோன்தான் வருகிறது. அப்புறம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொன்னதையே சொல்கிறது. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருட்டில் ஏதாவது வெளிச்சம் வளைந்து இறங்குகிறதா என்று தேடினேன். உன் நினைவும் வந்தது, அப்பா போன அன்றைக்கு நீதான் பக்கத்தில் நின்றாய். கடைசியில் அவளே கூப்பிட்டாள், குஞ்சப்பனை தாண்டி. அவள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: 'அம்மா கண்ணைத் திறந்து உன்னைத்தான் கேட்குது.'

அம்மா நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் எனக்குள் அந்த வளைவு உட்கார்ந்துவிட்டது. அரவேனுவுக்குக் கீழே அத்திமரத்து வளைவு, உனக்குத் தெரியும், நாம் சைக்கிளில் விழுந்த இடம். அங்கே ஏன் கட் ஆகிறது? சிக்னலே இல்லாத இடம் என்றால் புரியும். அங்கே கோடு நிறைய இருக்கிறது! இருபது வருடமாக அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறேன், எத்தனையோ தடவை அதே இடத்தில் பேச்சு அறுந்திருக்கிறது, ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. மூடுபனிதான் காரணம் என்று சிலோன் தாத்தா சாதிக்கிறார். போன் அலைவரிசையைப் பனி அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை, நனைந்த மரங்கள்தான் கொஞ்சம் குடிக்கும். பெருமழையில் டவருக்கும் டவருக்கும் இடையே இருக்கும் மைக்ரோவேவ் தட்டுகள் வேண்டுமானால் தடுமாறலாம். அன்றைக்கு மழையும் இல்லை, பனியும் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். குஞ்சப்பனை டீக்கடையில் ஒரு காரில் இரண்டு பையன்களைப் பார்த்தேன், மடியில் லேப்டாப், டாஷ்போர்டில் நான்கு போன், வயர் வயராக. டிரைவ் டெஸ்ட் என்றார்கள். ரோட்டில் ஓட்டிக்கொண்டே எந்த இடத்தில் எந்த டவர் எவ்வளவு கிடைக்கிறது என்று அளப்பதுதான் அவர்கள் வேலை. என் கதையைச் சொன்னேன். ஒரு பையன் டீயை ஆறவிட்டுவிட்டு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு நல்ல பெண் பார்க்க வேண்டும், உன் பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்.

சரி, விஷயம் இதுதான். ஒவ்வொரு டவரும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் நிலத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது, அதைத்தான் செல் என்கிறார்கள், செல்போன் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். ஊரைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித்தள்ளித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்பவர் 1947 டிசம்பரில் குறிப்பு எழுதியிருக்கிறார். நமக்குச் சுதந்திரம் வந்து நான்கே மாதம்! ஆனால் துண்டு போட்டால் போதுமா, பேசுகிற ஆள் நகர்ந்துகொண்டே இருக்கிறானே, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் பேச்சு அறாமல் எப்படி மாற்றுவது? அந்த மாற்றலுக்கு அதே ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972-ல் காப்புரிமை வாங்கினார். கையில் பிடிக்கிற போனில் முதல் தடவை பேசியதே அதற்கு அடுத்த வருடம்தான். நம் நாட்டுக்கு அது 1995 ஜூலை 31 அன்று வந்தது, கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் சுக்ராமைக் கூப்பிட்டார். நாம் அப்போது டவுசர் போட்டுக்கொண்டு வாடகை சைக்கிளுக்கு நின்றோம்.

இந்த மாற்றலுக்கு ஹேண்ட்ஓவர் என்று பேர். அந்தப் பையன் சொன்னதில் என்னை அப்படியே உட்காரவைத்தது ஒன்று. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் சும்மா இருப்பதில்லை, பக்கத்து டவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய 2ஜி-யில் ஒரு அலைவரிசையை எட்டு பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள், ஒருவன் முறை வெறும் 577 மைக்ரோநொடி. மீதி ஏழு முறை நேரத்தில் போன் காதைத் திருப்பி அக்கம்பக்கத்து டவர்களின் பலத்தை அளக்கிறது. அளந்து, அதிகபட்சம் ஆறு டவரின் கணக்கை, நொடிக்கு இரண்டு தடவை தன் டவருக்கு அனுப்புகிறது. அதை வைத்து மேலே இருக்கிற கட்டுப்பாட்டு இயந்திரம் முடிவு செய்கிறது, இவனை அந்த டவருக்கு மாற்று என்று. 4ஜி-யில் டவர்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. என் தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசும்போது அவள் கையில் இருந்த போன் அடுத்த டவரைத் தேடிக்கொண்டிருந்தது, நீயே நினைத்துப் பார்.

மூட்டை மாற்றுவது மாதிரிதான், மாப்ளே. என் வண்டியிலிருந்து லாரிக்கு கேரட் மூட்டை மாற்றும்போது லாரி ஒட்டி வந்து பின் கதவைத் திறந்து நிற்க வேண்டும், மேலே ஆள் நிற்க வேண்டும், அப்புறம்தான் நான் கையை விடுவேன். 3ஜி-யில் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருப்பார்கள், போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டவரோடு இருக்கும், பிறகு ஒன்று விடும். 4ஜி-யில் அப்படி இல்லை, ஒன்றை விட்டுவிட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்கிறது, ஆனால் அடுத்த டவரில் இடம் பிடித்து வைத்த பிறகுதான் விடுகிறது. இடையில் வந்து சேர்ந்த பேச்சுத் துண்டுகளைப் பழைய டவர் புதிய டவருக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு நொடியில் சின்னப் பங்கு, நம் காதுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் இன்னொரு டவர் கொஞ்சம் பலமாக வந்தவுடனே தாவிவிடக் கூடாது. தாவினால், எல்லையில் நிற்கிறவனை இரண்டு டவரும் பந்து மாதிரி மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், புதியது உதாரணமாக 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு பலமாக இருக்க வேண்டும், அதுவும் கால் நொடியோ அரை நொடியோ நீடிக்க வேண்டும். சமவெளி ரோட்டுக்கு அது போதும். மலையில்? பாறையைச் சுற்றித் திரும்புகிறபோது 20 டெசிபல் போய்விடுகிறது, நூறில் ஒரு பங்குதான் மிச்சம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றாலும் நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம், வளைவின் முனையைத் தாண்ட இரண்டு நொடிகூட ஆகாது. அதற்குள் அளந்து, சொல்லி, உத்தரவு வாங்கி, மாற வேண்டும். உத்தரவு வருவதோ பழைய டவரிலிருந்து, அந்த டவர்தான் பாறைக்குப் பின்னால் போய்விட்டதே.

இதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டவர் எண்ணும் பலமும் காட்டுகிற ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டேன். நான் ஓட்டுவேன், க்ளீனர் பையன் போனைப் பார்த்து நோட்டில் எழுதுவான், 23 ராத்திரி எழுதியிருக்கிறோம். பலம் மைனஸ் கணக்கில்தான் காட்டும், மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூடப் பலம் குறைவு. அத்திமரத்து வளைவுக்கு மேலே மலை டவர், மைனஸ் 88, நல்ல பலம். வளைவு நெருங்கியதும் அது இறங்குகிறது, திடீரென்று வேறொரு டவர் வருகிறது, மைனஸ் 97. அந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நோட்டைப் புரட்டினால், அது மண்டி வாசலில் நான் நிற்கும்போது வருகிற டவர்! கீழே சமவெளியில் இருப்பது. அந்த இடத்தில் மரம் விலகி மேட்டுப்பாளையம் விளக்கெல்லாம் தெரியும் இல்லையா, நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே போனுக்கும் தெரிகிறது. போன் நம்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. நூறு மீட்டர்கூட இல்லை, வளைவு திரும்பியதும் அது மறைந்துவிடுகிறது, மைனஸ் 118. அந்தப் பக்கம் குஞ்சப்பனை டவர் மைனஸ் 101-ல் நின்றுகொண்டிருக்கிறது, பேச்சைத் தாங்கும்.

பிறகு ஏன் அதற்கு மாறவில்லை? நோட்டை அந்தப் பையனிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டியதுமே சொல்லிவிட்டான். ஒவ்வொரு டவருக்கும் அதன் பக்கத்து டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருக்கிற டவருக்குத்தான் பேச்சை ஒப்படைக்க முடியும். மண்டி டவரின் பட்டியலில் மண்டியைச் சுற்றியுள்ள டவர்கள் இருக்கும், மலைக்கு மேலே இருக்கிற குஞ்சப்பனை டவரை அதற்குப் பக்கத்து வீடு என்று யார் நினைப்பார்கள்? 4ஜி-யில் பட்டியலில் இல்லாத டவரைப் போனே கண்டுபிடித்துச் சொல்லி, அப்படியே சேர்த்துக்கொள்கிற வழியும் இருக்கிறதாம். ஆனால் அந்த வசதி திறந்திருக்க வேண்டும், போனுக்கு அந்த எண்ணை முழுசாகப் படிக்கிற அவகாசமும் வேண்டும். வளைவில் அது எங்கே கிடைக்கும்?

அதாவது என் தங்கையின் பேச்சை வாங்கிக்கொள்ள ஒரு டவர் தயாராக இருந்திருக்கிறது. கொடுக்க வேண்டிய டவருக்கு அதைத் தெரியாது. அவ்வளவுதான், மாப்ளே! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை. அதற்குக் கீழே காட்டுக்குள் இரண்டு மூன்று இடம் நிஜமாகவே சிக்னல் இல்லாத இடம், அங்கே டவர் நட வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாடுகிற இடம், அதில் நான் அவசரப்படவில்லை. ஆனால் இந்த வளைவுக்குப் புது டவரே வேண்டாம். பட்டியலில் ஒரு பேரைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மண்டி டவரின் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்க்க வேண்டும், மலைக்கு வந்து ஆசை காட்டாமல் இருக்கும்.

நோட்டை நகல் எடுத்துக் கம்பெனிக்கு இரண்டு தடவை மனு அனுப்பினேன். 'உங்கள் பகுதியில் சேவை சீராக உள்ளது' என்று பதில் வந்தது. போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். சிம்மைக் கழற்றித் துடைக்கச் சொன்னார்கள். நான் வளைவைப் பற்றிக் கேட்கிறேன், அவர்கள் சிம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். எத்தனை ஆம்புலன்ஸ் அந்த வழியாக இறங்குகிறது என்று அங்கே யாருக்காவது தெரியுமா? மூன்றாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை டிரைவ் டெஸ்ட் பையன் உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறான்.

அதற்கு உன் உதவி வேண்டும். என் கணக்கு முழுக்க ஒரே கம்பெனி சிம், அதுவும் ராத்திரி, அதுவும் இறங்குகிற வழி. நீ வைத்திருப்பது வேறு கம்பெனி. புரட்டாசி முடிந்ததும் வருகிறேன் என்றாயே, பகல் பஸ்ஸில் வா, இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார். ஆப் பேரைத் தனியாக அனுப்புகிறேன். குஞ்சப்பனை செக்போஸ்டிலிருந்து தங்கையைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வா, எந்த வளைவில் எந்த எண் மாறுகிறது என்று குறித்துக்கொள், அறுந்தால் மணி எத்தனை என்றும் குறி. உன் கையெழுத்து எனக்குப் புரியாது, கொட்டை எழுத்தில் எழுது. அம்மா உனக்கு அவரைக்காய்க் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்வெட்டரைத் தர மாட்டேன் என்றேனே, குளிருக்குப் போட்டுக்கொள், போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் மாப்ளே,
கோத்தகிரி