ஆவணிக்குள் பழைய வீடு

கும்பகோணம்,
தை 28

அன்புள்ள நண்பா,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று படித்ததிலிருந்து உன் தங்கச்சிக்கு அதே பேச்சுதான். உன் தாத்தா கட்டிய மன்னார்குடி வீட்டை அதற்குள் சரிசெய்து, உறவுகளை அங்கேயே தங்கவைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு, முடியக்கூடியதும்தான். ஆனால் "பெயிண்டரை எப்போது கூப்பிடலாம்?" என்று முதல் கேள்வி கேட்டிருக்கிறாயே, அது கடைசிக் கேள்வி. எங்கள் வீட்டு வேலை கார்த்திகையில் முடிந்தது. ஓராண்டில் தெரிந்துகொண்டதை உனக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் மொட்டைமாடி. உன் வீடும் எங்கள் வீடு மாதிரியே தேக்குக் கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்த மெட்ராஸ் டெரஸ்தான். கீழே நின்று, சுவருக்குள் போகும் கட்டை முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பார். கணீர் என்று கேட்டால் கவலையில்லை. பொத்தென்று கேட்கும் இடத்தில் திருப்புளியால் குத்து. அரை அங்குலம் இறங்கினால் முனை உளுத்துவிட்டது என்று பொருள். கட்டையின் நடுப்பாகம் நூறு வருஷம் ஆனாலும் கல்லாக இருக்கும். கெடுவது சுவருக்குள் இருக்கும் அந்த அரை அடிதான். மேலே கைப்பிடிச்சுவர் ஓரம் விரிசல் விட்டு, அதில் இறங்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகிறது. அப்படிப்பட்ட கட்டைகளுக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்த பிறகே மேலே ஒரு கல்லைப் பெயர்க்க விடு. முட்டு இல்லாமல் மேலே இடித்தால் தளம் இறங்கிவிடும். உளுத்த முனையை அறுத்துவிட்டு, இருபக்கமும் இரும்பு சேனல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினால் போதும், முழுக் கட்டையை மாற்ற வேண்டாம். சுவருக்குள் வைக்கும்போது முனையைச் சுற்றி ஓர் அங்குலம் காற்றோட இடம் விடச் சொல். கலவையை அப்பி அடைத்தால் மறுபடியும் உளுக்கும்.

கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று இருந்தால் வெட்டிவிட்டு மேலே பூசாதே. வேர் உள்ளே இருக்கும்வரை துளிர்க்கும். வேர் போன வரைக்கும் செங்கல்லைப் பிரித்து, வேரை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கலவையில் திரும்பக் கட்ட வேண்டும்.

மேல்தளத்தில் யாரோ எப்போதோ பூசிய சிமென்ட் ஒட்டுகள் இருக்கும். அத்தனையையும் பெயர்த்துவிடு. வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுண்ணாம்பு அதற்கு வளைந்துகொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. மயிரிழை விரிசல் விடும், அதில் தண்ணீர் புகும், மேலே சிமென்ட் மூடியிருப்பதால் காயவும் வழியில்லை. தட்டிப் பார்த்து வெற்றொலி வரும் இடங்களில் பழைய ஜல்லியையும் எடுத்துவிட வேண்டும்.

புது ஜல்லிக்குக் கணக்கு இது. 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் கிடையாது. நாலு அங்குலம் கொட்டி மூன்று அங்குலமாக அடித்து இறக்க வேண்டும். உன் மாடி 600 சதுர அடி என்றால் 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட் ஜல்லி, 78 கன அடி சுண்ணாம்பு. கலக்குவதற்கு முன் ஜல்லியை நன்றாக நனைத்து ஊறவிட வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடிப்பார்கள். எப்போது போதும் என்பதை நாள் கணக்கில் சொல்ல முடியாது. தொடக்கத்தில் கட்டை விழும் இடத்தில் பள்ளம் விழும், ஜல்லி நகரும், சத்தம் மந்தமாக இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் மேலே சுண்ணாம்புப் பால் கசிந்து, வெண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு ஏறும். பிறகு ஓங்கி அடித்தால் கட்டை கையிலிருந்து துள்ளித் திரும்பும், தளத்தில் தடம் விழாது. அதுதான் பதம். அதற்கு முன்னால் மேஸ்திரி "போதும்" என்றால் கட்டையை வாங்கி நீயே ஓர் அடி அடித்துப் பார்.

பிறகு குறைந்தது பத்து நாள் ஈரச் சாக்கு. அதன்மேல் தட்டோடு: ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல், சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கு க்ரூட் ஆயில். இடுக்குகளுக்கும் அதே கலவைதான், காவிப்பொடி சேர்த்து. மாடியில் இங்கே மட்டும் சிமென்டை ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஓடு தேய்வைத் தாங்க வேண்டும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் உருட்டிப் பூசச் சொல். 400 சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாய் வேண்டும். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீரைத் தேக்கிவைப்பது கான்கிரீட் மாடிக்குச் சரி. மரக்கட்டை மாடிக்கு அது வேண்டாம். 600 சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே 1,400 கிலோ. ஹோஸ் பிடித்து ஓடவிட்டுப் பார்த்தால் போதும்.

அடுத்தது சுவர். அடியில் மூன்றடிக்கு ஓதம் ஏறியிருக்கிறது, சிமென்ட் பூசிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். தெருவை மேல் மேலே போட்டுப் போட்டு வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டது, ஈரம் அங்கிருந்து வருகிறது. சிமென்ட் பூசினால் வெளியே ஆவியாக வழியில்லாமல் மேலே ஏறும்; மூன்றடி ஐந்தடியாகும். ஓதத் தடத்துக்கு மேல் ஓரடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுக்குகளை ஓர் அங்குலம் ஆழம் சுரண்டி, சுவரைச் சும்மா காயவிடு. வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளு. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பூத்துப் பூத்து ஓய்ந்த பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரு கைப் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பூச்சுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பத்து நாளாவது விட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, கனமாக அப்பினால் உள்ளே காற்றுப் போகாது. எங்கள் கொத்தனார் ஒருநாள் சீக்கிரம் இறுக வேண்டும் என்று கலவையில் ஒரு சட்டி சிமென்டைச் சேர்த்துவிட்டார். அந்தச் சுவரை மட்டும் கொத்தி மறுபடி பூச வேண்டியதாயிற்று. பூச்சு வேலையைச் சித்திரை 21-க்கு முன்னால் முடி, இல்லையென்றால் வைகாசி 14 தாண்டட்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் கலவை இறுகுவதற்கு முன்பே உலர்ந்து, விரலால் தடவினால் மாவாகக் கொட்டும்.

வயரிங்கைப் பூச்சுக்கு முன்பே முடித்துவிடு. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 15 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஓதம் ஏறும் வீட்டில் இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே.

கூடத்துத் தரைக்குக் காவித் தரையே போடு. உன் பாட்டி உட்கார்ந்து பூத்தொடுத்த தரையை டைல்ஸ் போட்டு மூடிவிட்டால் எனக்கே மனசு கேட்காது. அடித்தளத்தின்மேல் முக்கால் அங்குலத்துக்கு, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவை. அது ஈரமாக இருக்கும்போதே, பத்துக் கிலோ சிமென்டுக்கு ஒரு கிலோ காவி கலந்த பூச்சு. சிமென்டையும் காவியையும் உலர்வாகவே கலந்து சலித்து, முழு அறைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் தயாராக வைத்துக்கொள். இரண்டாவது தடவை கலந்தால் நிறம் மாறும், அந்தத் திட்டு சாகும்வரை தெரியும். பத்தடிக்குப் பத்தடி பாத்தியாகப் பிரித்து நடுவில் கண்ணாடிப் பட்டை கொடுத்தால் விரிசல் கண்டபடி ஓடாது. கரண்டியால் தேய்ப்பதை நடுவில் நிறுத்தாத ஆளாகப் பார்த்துப் பிடி. ஒரு வாரம் தண்ணீர் கட்டி, காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய். எண்ணெய் போட்ட இரண்டு நாளைக்குப் பாய் விரிக்காதே, கறை பிடிக்கும், வழுக்கவும் செய்யும். பொங்கலுக்கு நம் பழைய ஹாஸ்டல் கூட்டம் எட்டுப் பேர் குடும்பத்தோடு வந்து கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கியதைப் பார்த்தபோது, அந்தத் தரைக்கு அலைந்த அலைச்சல் எல்லாம் தகும் என்று தோன்றியது. நீ மட்டும்தான் இல்லை.

வேலை நடக்கும்போதே எப்படி ஊர் சுற்றினீர்கள் என்று கேட்டிருந்தாய். சுண்ணாம்பு வேலையில் நீ பக்கத்திலேயே இருக்க வேண்டிய நாள் உண்டு, யாருமே தேவையில்லாத நாளும் உண்டு. ஈரம் காக்கும் நாட்களில் வாசலைத் தாண்டாதே. சுண்ணாம்பு குழியில் ஊறும்போதும், சுவர் உப்புப் பூத்து ஓய்வதற்குள்ளும் தாராளமாகக் கிளம்பலாம். முதல் இடைவெளியில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், திங்கட்கிழமை விடுமுறை. இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. அங்கே தரையைக் குனிந்து பார்க்க வேண்டும்: சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த கறுப்பு, சன்னல் அப்படியே அதில் தெரிகிறது. இரண்டாவது, சுவர் காய்ந்தபோது தரங்கம்பாடி. டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும், சுனாமிக்குப் பிறகு பழைய முறையிலேயே புதுப்பித்த வீடுகளையும் பார்த்துவிட்டுத்தான் எங்கள் கொத்தனாரிடம் உறுதியாகப் பேச எனக்குத் தைரியம் வந்தது. காரைக்குடிக்கு ஒருநாள் போய், முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் கதவுக்குக் கொண்டியும் பித்தளைக் குமிழும் வாங்கினோம். கதவின் தடிமனை அளந்து எழுதிக்கொண்டு போ. பழைய கதவு இரண்டு அங்குலம் இருக்கும், இந்தக் காலத்துத் தாழ்ப்பாள் திருகு அதற்கு எட்டாது.

உனக்கு ஆறு மாதம் இருக்கிறது. பங்குனியில் மாடி, சித்திரை முதல் பாதியில் வயரிங், வைகாசி பின்பாதியிலிருந்து ஆனி வரை பூச்சு, கூடவே தரை, ஆடியில் வெள்ளை. ஆடியில் கிரகப்பிரவேசம் கிடையாது என்பதால் ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது. பூச்சுக்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பாடுபட்டதெல்லாம் வீண், சுவர் மூச்சு முட்டும். சுண்ணாம்பே மூன்று கை அடி, முதல் கை தண்ணியாக. சமையலறை மேடையையும் பின்கட்டையும் இந்த வருஷம் தொடாதே, கல்யாணம் முடியட்டும்.

ஆனால் இவ்வளவும் சுண்ணாம்பு தயாராக இருந்தால்தான். இந்த வாரமே குழி வெட்டு. குழியில் முதலில் தண்ணீர், அதில் கல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பக்கத்தில் பிள்ளைகளை விடாதே, வேலை செய்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடு. நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதமாவது ஊறவிடு. நீறாத கட்டி ஒன்று பூச்சுக்குள் போனால் ஆறு மாதம் கழித்து ஈரம் பட்டு வீங்கி, அந்த இடத்தில் காசளவு பெயர்ந்து விழும்.

எங்களிடம் ஓராண்டு ஊறிய சுண்ணாம்பு ஒரு டிரம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் மூடியிருந்தால் கெடாது. கடைசிப் பூச்சுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஒரு டிரம் 250 கிலோவுக்கு மேல் வரும், குட்டியானை வண்டியோடு நாலு ஆளும் அழைத்து வா. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மகளையும் கூட்டி வா. உன் தங்கச்சி அவளுக்காகப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்